பதினோரு கிலோ

பதினோரு கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சான்யால் சொன்னபோது கோமதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபது வருஷமாக அவளிடம் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. மாமியார் சொன்னாள், நாத்தனார் சொன்னாள், கரியாஹாட் பஜாரில் ஜாக்கெட் தைக்கிற மாஸ்டர்கூட அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னான். யார் சொல்லியும் அசையாத உடம்பு அது. இந்தத் தடவை குறையாவிட்டால் புருஷன் செத்துப்போவார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சௌந்தரராஜனுக்கு ஈரல் போய்விட்டது. குடி, சிகரெட் எதையும் தொடாத மனிதர். ஏதோ ஒரு வைரஸ் எப்போதோ ரத்தத்தில் நுழைந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்து இத்தனை வருஷமும் தின்றிருக்கிறது. தென்காசிக்காரர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் டெபுடி மேனேஜராக மாற்றலாகிக் கொல்கத்தா வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஐம்பத்தொரு வயதில் வயிறு மட்டும் நீர் கோத்து முன்னால் நிற்க, கைகாலெல்லாம் வற்றி, லேக் கார்டன்ஸ் வீட்டின் மூன்றாவது மாடியில் கட்டிலோடு கிடந்தார். வேறொருவர் ஈரலிலிருந்து ஒரு பகுதியை வெட்டி வைத்தால் பிழைத்துக்கொள்வார். கொடுத்தவருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். செலவை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஆள்தான் வேண்டும்.

முதலில் ஆள் இருக்கத்தான் செய்தது. தம்பி மருதமுத்து. சித்திரை மாதம் ஊரிலிருந்து வந்து இறங்கினவன், அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "எண்ணே, எனக்கு ஈரல் இருக்கும்போது நீ என்னத்துக்குக் கலங்குத?" என்று வீட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அன்றைக்கு சௌந்தரராஜன் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். பரிசோதனையெல்லாம் முடிந்தது. தேதியும் குறித்தார்கள். அப்புறம்தான் மருதமுத்துவின் பெண்டாட்டியிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. மூன்று நாள் மாடிப்படியில் நின்று குசுகுசுவென்று பேசினான். நான்காம் நாள், "ஒரு சோலியா போயிட்டு வாரேன் மைனி" என்று பையை எடுத்துக்கொண்டு போனவன், ஹவுராவில் ரயிலேறிவிட்டான்.

சௌந்தரராஜன் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். பத்து நாள் யாரோடும் பேசவில்லை. நோய் வந்து ஒரு வருஷத்தில் இறங்காத உடம்பு அந்தப் பத்து நாளில் இறங்கியது.

அதைக் கண்ணால் பார்த்ததால்தான் கோமதி அப்படியொரு முடிவுக்கு வந்தாள். ஈரலைத் தானே கொடுப்பது. ஆனால் எல்லாம் உறுதியாகிக் கையில் காகிதம் வரும்வரை அவரிடம் மூச்சு விடுவதில்லை. அவள் பிறந்த வீட்டுப் பழக்கமும் அதுதான். உண்டாகியிருப்பதை மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே சொல்வார்கள். பேச்சில் வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்து, அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையே அவள் அப்பா வாசலில் கார் வந்து நின்ற பிறகுதான் சொன்னார். பத்தாவதில் பாஸான சங்கதி மார்க் ஷீட் வரும்வரை பெற்ற தாய்க்கே தெரியாது. அப்படி ஒரு வம்சம்.

ரத்த குரூப் சேர்ந்தது. நாற்பத்தாறு வயது, அதுவும் சரி. அவளுடைய ஈரலில்தான் கொழுப்பு ஏறிக் கிடந்தது. கொழுப்பு ஏறிய ஈரலை வெட்டிக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் உதவாது. மூன்று மாதத்துக்குள் பதினோரு கிலோ இறங்கினால் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் சான்யால். சௌந்தரராஜனும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

"ரிப்போர்ட் வரட்டும் டாக்டர். வந்த நிமிஷமே நானே சொல்றேன்" என்று கோமதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து, அரசாங்க லிஸ்டில் பெயர் பதிந்தாயிற்று, யாராவது இறந்தவர் ஈரல் கிடைத்தால் கூப்பிடுவார்கள் என்று புருஷனிடம் ஒரு பொய்யைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

முதல் மூன்று வாரம் அவள் செய்தது வெறும் பட்டினி. காலையில் ஒரு தோசை, மத்தியானம் மோர், ராத்திரி ஒன்றுமில்லை. ஐந்து கிலோ இறங்கிற்று. கூடவே கன்னம் ஒட்டிப்போய், கையைத் தூக்கினால் புஜத்துச் சதை துணி மாதிரித் தொங்கியது. ஒருநாள் காய்கறிப் பையோடு மாடியேறும்போது கண் இருட்டி இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர் வீட்டு வங்காளி அம்மாள் மித்ரா பௌதி பிடித்துக்கொள்ளாவிட்டால் மண்டை உடைந்திருக்கும். இதைக் கேட்டு டாக்டர் கத்தினார் பாருங்கள் ஒரு கத்து! கொழுப்புப் போகச் சொன்னால் தெம்பையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாய், உன்னை வெட்டினால் மறுநாள் எழுந்து நடக்க வேண்டாமா, இப்படி வந்தால் மேஜையிலேயே படுக்கவைக்க மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே குறைய வேண்டும், உடற்பயிற்சிக்கூடம் எதிலாவது போய்ச் சேர் என்றார்.

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே அந்த ஜிம் இருந்தது. சொல்லிக்கொடுக்கிறவன் பெயர் பிரிட்டோ. முப்பத்தைந்து வயதுக்காரன். அவன் அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். பிரிட்டோ பேசும் தமிழில் பாதி வங்காளமாக இருக்கும்.

"ஆன்ட்டி, சும்மா பட்டினி கெடந்தா கொழுப்பு கொஞ்சம், சதை கொஞ்சம்னு ரெண்டும் போயிடும். மெஷின்ல நம்பர் கம்மியா காட்டும். கண்ணாடில பார்த்தா தொளதொளன்னு இருப்பீங்க. வெயிட் தூக்கிட்டே குறைச்சாதான் உடம்பு இறுகும். கூப் பாலோ, பார்க்க ரொம்ப நல்லா இருப்பீங்க" என்றான். பிறகு, "எதுக்காகக் குறைக்கறீங்க? பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கேட்டான்.

"எம் பொண்ணு பத்தாவது படிக்கா. எனக்குத்தான். பார்க்கக் கெட்டியா இருக்கணும்" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். வெளியே ஒருவருக்குத் தெரிந்தால் அது எப்படியும் மூன்றாவது மாடிக்கு ஏறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

கரியாஹாட் பிளாட்பாரத்தில் இரண்டு டிராக் பேண்ட் வாங்கினாள். திங்கள், புதன், வெள்ளி. புருஷனுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்புவாள். முதல் நாள் வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்ததற்கே தொடை நடுங்கி, திரும்பி வரும்போது மாடிப்படியில் கையை ஊன்றி ஏறினாள். பிரிட்டோ விடவில்லை. தரையிலிருந்து கம்பியைத் தூக்கும்போது முதுகு வளையக் கூடாது, குதிகாலால் தரையை அமுக்கி எழ வேண்டும், மூச்சை அடக்கிப் பிறகு விட வேண்டும். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, மீனை வறுக்காமல் குழம்பாக. வாரத்துக்கு ஒரு தட்டு, இரண்டரை கிலோ, கம்பியில் கூடிக்கொண்டே வந்தது. எடை மெஷினில் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு மாதத்தில் அந்த உடம்பு அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இடுப்பு ஒடுங்கியது. புஜத்தில் விரலால் அழுத்தினால் உள்ளே இறங்காத ஒரு திரட்சி வந்தது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்த்தாள். பிடித்திருந்தது. பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தாள். அடுத்த அறையில் அவர் முனகும் சத்தம் கேட்டது. சீ, பாவி முண்டை, எதற்கு வந்த உடம்பை எதற்குப் பார்க்கிறாய் என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அறைந்தாளே ஒழிய, மறுநாளும் பார்த்தாள். மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அவள் இறுக இறுக அவர் கரைந்துகொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே கண்ணில் படும்? மித்ரா பௌதி மாடிப்படியில் பார்த்தால் முதலில், "கீ சுந்தர் லாக்சே கோமதி!" என்று அழகை மெச்சுவாள். அதற்கப்புறம் குரலை இறக்கி, "தாதா எப்படி இருக்கார்?" என்று சௌந்தரராஜனைப் பற்றிக் கேட்பாள். அந்த வரிசையிலேயே விஷயம் இருந்தது. கோமதிக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆவணி பிறந்ததும் நாத்தனார் சாவித்திரி தம்பியைப் பார்க்க ஊரிலிருந்து வந்தாள். அவருக்கு மூத்தவள், வாய் நீளம். வந்த மூன்றாம் நாள் மருந்து வாங்கக் கடைக்குப் போனவள், மேலே ஜிம் ஜன்னலில் கோமதியைப் பார்த்துவிட்டாள். பிரிட்டோ பின்னால் நின்று அவள் முழங்கையைப் பிடித்துக் கம்பியை நேராக்கிக்கொண்டிருந்த நேரம். வேறென்ன வேண்டும்?

கோமதி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, எந்தம்பி இங்கன சாகக் கெடக்கான். நீ அங்கன எவன்கூடவோ நின்னு கம்பியத் தூக்கி ஒடம்ப மினுக்கிட்டு வார. தாலி கட்டினவன் போவப்போறான்னு தெரிஞ்சு, யாருக்குட்டி இந்த ஒடம்ப இப்படித் தேத்துத?"

கோமதிக்கு உச்சந்தலை கொதித்தது. நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் இரண்டே வாரம், ஸ்கேனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "டாக்டர் செய்யச் சொல்லியிருக்காக மைனி, எனக்கு சுகர் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாவித்திரி அதைத் தம்பியிடம் ஓதாமல் இருப்பாளா? மறுநாள் காலையில் அவர் கோமதியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கோமு, அந்தக் கையக் கொண்டா."

நீட்டினாள். மெலிந்த விரல்களால் அவள் புஜத்தை அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் வந்த சிரிப்பு.

"நல்லா கெட்டியா இருக்கே. அக்கா என்னென்னமோ சொன்னா. நீ சும்மா போன்னுட்டேன். எனக்குச் சந்தோஷந்தான் கோமு. நம்ம மக கீதாஞ்சலிக்கு ஒருத்தராவது திடமா இருக்கணும்லா. நீ தேறிட்டே. இனிமே எனக்கு ஒண்ணுமில்ல."

அப்போது சொல்லித் தொலைத்திருக்கலாம். இத்தனைக்கும் வாயைத் திறக்கவும் திறந்தாள். ஸ்கேனில் கொழுப்பு இன்னும் இருக்கிறது என்று வந்துவிட்டால்? இந்தச் சிரிப்பு போய், மறுபடி அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால்? "கூறுகெட்ட பேச்சுப் பேசாதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கஞ்சி எடுக்கப் போய்விட்டாள். அவள் வாழ்நாளில் செய்த தப்பு அது ஒன்றுதான். அது போதாதா?

சாவித்திரி கோபத்தோடே ஊருக்குக் கிளம்பிப் போனாள். சௌந்தரராஜன் அதற்கப்புறம் அமைதியாகிவிட்டார். எரிச்சல் இல்லை, முனகல் இல்லை. நிறையத் தூங்கினார். ஒருநாள் மகளைப் பார்த்து, போய்ச் சேர்ந்துவிட்ட தன் அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன். அன்று மத்தியானமே சான்யால் கூப்பிட்டனுப்பினார். எழுபத்தொன்பதிலிருந்து அறுபத்தெட்டு. ஈரலில் கொழுப்பு, இருக்கலாம் என்கிற அளவுக்கும் கீழே. டாக்டர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். இவ்வளவு சுத்தமாகத் தயாராகி வந்த ஆளை நான் பார்த்ததில்லை என்றார். அந்தக் காகிதத்தை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள்.

கட்டில் நனைந்திருந்தது. சொல்வதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மெத்தை விரிப்பை உருவினாள். மெத்தை ஓரம் தூக்கிற்று. அடியில் மாத்திரைகள். வெள்ளை, ரோஸ், மஞ்சள். வாயில் அடக்கி வைத்திருந்து துப்பியவை, எச்சில் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பதினாலு நாள் மாத்திரை.

"என்னங்க இது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முழுங்கினா ஒரு நாளைக்குப் பத்துத் தடவ வயித்தால போவுது. நீதான் அள்ளுத, நீதான் கழுவுத. எதுக்கு இழுத்துட்டுக் கெடக்கணும்? நீ தேறிட்டே. இனிமே பயமில்ல, போயிரலாம்னு நெனச்சேன்."

 நாற்பத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிற கோமதியின் கை, பைக்குள்ளிருந்து அந்த ஒரு காகிதத்தை உருவியது. அதை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"நான் யாருக்குத் தேறினேன்னு நெனச்சீக? படியுங்க. யாருக்குன்னு படியுங்க!"

அவர் படித்தார். மெதுவாக, இரண்டு தடவை படித்தார். ஈரல் கொடுப்பவர் என்கிற இடத்தில் அவள் பெயர். தகுதி உண்டு என்று கீழே டாக்டர் கையெழுத்து.

"ஏட்டி, இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார்.  "சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேன்லா."

கோமதி மாத்திரைகளை முந்தானையில் அள்ளினாள். 

அன்றைய மாத்திரையை உடனே கொண்டுவரச் சொல்லி விழுங்கினார். பாட்டில் மருந்தையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரையை விட்டதைத் தானே சொன்னார். நாளைக்கே ரத்தம் எடுக்க ஆள் அனுப்புகிறேன், விட்ட மருந்தையெல்லாம் தொடருங்கள், காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வாருங்கள் என்றார் டாக்டர். ஜாதவ்பூரில் டியூஷனில் இருந்த கீதாஞ்சலியைப் போனில் கூப்பிட்டு, "பாப்பா, அம்மா எனக்கு ஈரல் தாரா" என்றார். மருதமுத்துவைக் கூப்பிட்டு, "ஏலே, ஒம் மைனி தாரா. நீ வெசனப்படாத, பிள்ளையளோட சந்தோஷமா இரு" என்றார். அந்தப் பக்கம் மருதமுத்து அழுகிற சத்தம் கோமதிக்கே கேட்டது. தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆபரேஷன் முடிந்தால் குற்றாலத்துக்குப் போக வேண்டும் என்றார். மூன்று நாள் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது.

நான்காம் நாள் காலையில் குளிர் நடுக்கம். வயிற்றைத் தொட்டால் அலறினார். உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுத் தெரு முழுக்க அடைத்திருந்தார்கள். டிரைவரும் கூட வந்தவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பவில்லை. லிஃப்ட் கிடையாது. நாற்காலி கொண்டுவாருங்கள், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள் என்று வங்காளத்தில் பேசிக்கொண்டே நின்றார்கள்.

"தள்ளுங்க" என்றாள் கோமதி.

ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, முதுகு வளையாமல், குதிகாலை ஊன்றி எழுந்தாள். ஐம்பது கிலோ இருந்தார், அதிலும் பாதி வயிற்று நீர். மூன்று மாடி இறங்கினாள். மித்ரா பௌதி வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். மூங்கில்களுக்கு நடுவே குனிந்து குனிந்து மெயின் ரோடுவரை போனாள். வழியில் அவர் கண்ணைத் திறந்தார்.

"பாத்துட்டி. கீழ விழுந்துராத. ஒனக்கு அடிபட்டா ஆபரேஷன் தள்ளிப்போயிரும்."

வயிற்று நீரில் கிருமி. அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகமும் நின்றுகொண்டிருக்கிறது என்றார் சான்யால். இந்த நிலைமையில் மேஜையில் படுக்கவைத்தால் அங்கேயே போய்விடுவார். கிருமி அடங்கி, சிறுநீரகம் திரும்பினால் பார்க்கலாம். அந்தக் கிருமி வராமல் இருக்கத்தான் ரோஸ் மாத்திரை கொடுத்திருந்தேன், அதைப் பதினாலு நாள் விடாமல் இருந்திருந்தால்... என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐசியுவில் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம். மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி. அவளைப் பார்த்ததும் கண் பளிச்சென்று ஆயிற்று.

"என்னைக்கு கோமு?"

முடிவாகாத ஒன்றை வாயால் சொல்லி அறியாதவள் கோமதி.

"திங்கக்கெழம" என்றாள்.

"சரி. நாலு நாள்தானே. அதுவரைக்கும் நீ நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஜிம் தம்பிகிட்டப் போயித் தூக்குறத விட்ராத. எறங்கினது திரும்ப ஏறிரப்போவுது."

சரி என்று தலையாட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை விடவில்லை.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு சௌந்தரராஜன் போய்விட்டார்.

வெளியே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வயதான ஒரு நர்ஸ் கோமதியிடம் வந்தாள். வெள்ளிக்கிழமை நினைவு தப்பும்வரை, கட்டில் பக்கம் யார் வந்தாலும் அவர்களிடம், திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன், என் மனைவிதான் ஈரல் தருகிறாள், எனக்காகப் பதினோரு கிலோ குறைத்திருக்கிறாள் என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"நீங்கள்தானா அது?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு, கோமதி அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.